ஞானத்தாய்க்குச் சொன்ன சேதி

மாவை இழுக்கும்போது யாரும் கையை எடுக்கக் கூடாது. மேஜையின் நாலு பக்கமும் நாலு பெண்கள் நின்று, மாவுக்கு அடியில் புறங்கையைக் கொடுத்து, மெல்லத் தங்கள் பக்கமாக இழுக்க வேண்டும். கீழே விரித்திருக்கும் துணியின் பூக்கள் மாவை ஊடுருவித் தெரிய வேண்டும். அப்போதுதான் பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிச் சுடும் பிளச்சிந்தா வாயில் கரையும். ஒருத்தி கையை எடுத்தாலும் அந்தப் பக்கம் கிழிந்துவிடும்.

ஸினோவியாவுக்கு வியாழக்கிழமைகள் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லோருடைய கையும் மாவில் மாட்டிக்கொண்டிருக்கும். யாரும் அவள் தோளைத் தடவ முடியாது.

பிள்ளைகள் குறைந்து மூடிப்போன பாலர் பள்ளியின் சமையலறையில்தான் அவர்கள் கூடுவார்கள். ஊர் ஆண்கள் அதற்கு வியாழக்கிழமைச் சங்கம் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களே, மகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறாள் என்றால் இந்தக் கதவைத்தான் தட்டினார்கள். எந்த வண்டி, யார் கூட்டிப் போகிறார்கள், அங்கே யார் காத்திருக்கிறார்கள், சொன்ன விலாசத்தில் அப்படி ஒரு பண்ணை உண்டா என்று போன் போட்டு, ஆள் பிடித்து விசாரிப்பது சங்கத்தின் வேலை. அந்தப் போன் செலவுக்குத்தான் சந்தையில் விற்கும் பிளச்சிந்தா.

எல்லாவற்றுக்கும் தலைவி பெலாகியா. ஊர் மருத்துவ நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். போன இலையுதிர் காலத்தில் தலைநகர் கிஷினாவில், மீட்கப்பட்ட பெண்களுக்கான காப்பகத்திலிருந்து ஸினோவியாவை அழைத்து வந்தவளும் அவள்தான். வழி நெடுக அவள் பீட்ரூட் விளைச்சலைப் பற்றி மட்டுமே பேசினாள். ஓட்டல் சமையல் வேலை என்று போன இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, பூட்டிய வீட்டில் இரண்டு குளிர்காலம் வைத்திருந்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஸினோவியா வந்து இறங்கிய மறுநாள், கடை வாசலில் குசுகுசுத்தவர்களிடம் பெலாகியா சொன்னது இன்றும் ஊரில் உலாவுகிறது. "அந்தப் பொண்ணைப் பத்தி யாராவது வாயைத் திறந்தீங்க, நானும் திறப்பேன். இந்த ஊர்ல எல்லாரோட பின்பக்கமும் பாத்து ஊசி போட்டவ நான்."

அன்று மேஜையின் எதிர்ப்பக்கம் அவுரிக்கா நின்றாள். பெலாகியாவின் அண்ணன் மகள். சனிக்கிழமை வண்டியில் ஜெர்மனிக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போகிறாள். பண்ணையை விசாரித்தாயிற்று. பக்கத்து ஊர்க்காரிகள் இரண்டு பேர் போன வருடம் அங்கே வேலை பார்த்துத் திரும்பியிருந்தார்கள். மிச்சம் இருந்தது அடையாளச் சொல் மட்டும். பக்கத்தில் ஆள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாலும் சந்தேகம் வராமல், ஆபத்து என்று வீட்டுக்குப் புரிய வைக்க ஒரு பேச்சு. சங்கத்தில் எல்லாப் பெண்களும் அப்படி ஒன்றை வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

அவுரிக்கா யோசிக்கவே இல்லை. எங்கள் நாய் பூஷோர் எப்படி இருக்கிறது என்று கேட்பேன், சாதாரண நாளில் அதைக் கேட்கவே மாட்டேன் என்றாள்.

"கேக்காம இருந்துருவியா நீ? என்னைக் கேக்காம இருப்ப, அந்த நாயைக் கேக்காம இருக்க மாட்ட" என்றாள் பெலாகியா.

அப்போதுதான் எவ்தோக்கியா, ஸினோவியாவின் அம்மா, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அதுக்கு வயசாயிருச்சும்மா. நீ அங்க இருக்கும்போது போய்ச் சேந்துட்டாலும் நாங்க சொல்லமாட்டோம். தனியா உக்காந்து அழுவ. நல்லா இருக்குன்னுதான் சொல்லுவோம்."

பெலாகியா தலையை ஆட்டினாள். அவுரிக்காகூட ஆட்டினாள். ஊர் வழக்கம் அது. தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை. திரும்பி வந்தபின், சாப்பிட வைத்து, தூங்க வைத்து, மெதுவாகச் சொல்வார்கள். அன்பு என்பதற்கு அந்த ஊரில் இருந்த பல அர்த்தங்களில் அதுவும் ஒன்று.

ஸினோவியாவின் விரல்கள் மாவுக்கு அடியில் இழுப்பதை நிறுத்தின.

காப்பகத்தில் ஆலோசனை சொன்ன பெண் இதை அம்மாவிடம் சொல்லிவிடு என்றபோது, முடியாது என்றவள் அவள். அம்மாவிடம் வேறு எத்தனையோ சொன்னாள், இதை மட்டும் மடித்து அடியில் வைத்துக்கொண்டாள். சொன்னால் அம்மா உடைந்துபோவாள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அதன் அடியில் இன்னொன்று இருந்தது. சொன்னால் தன் கோபம் வெளியே வந்துவிடும். அம்மாமேல் கோபப்பட அவளுக்கு எந்த நியாயமும் இல்லை. நியாயமில்லாத கோபத்தை எங்கே கொண்டு வைப்பது?

ஆனால் சனிக்கிழமை வண்டி வரும். இந்தப் பெண் நாயின் பெயரை நம்பி ஏறிவிடுவாள்.

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா" என்றாள் ஸினோவியா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான் தெக்லா ஞானத்தாயை வரச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

எவ்தோக்கியா நிமிர்ந்தாள்.

ஸினோவியா மாவைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். ஊரைவிட்டுப் போன முதல் வாரம், போன் இன்னும் கையில் இருந்தபோது, சித்தி மகன் வாய்தவறி, ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தாய் தெக்லா இறந்துவிட்டதைச் சொல்லிவிட்டான். உன் அம்மாவிடம் காட்டிக்கொடுத்துவிடாதே என்று கெஞ்சினான், அவளும் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு போன் போயிற்று. பாஸ்போர்ட் போயிற்று. ஒரே ஒருமுறை, வீட்டில் தேடத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக, பக்கத்தில் ஆளை நிறுத்திப் பேசச் சொன்னார்கள். செத்தவளை வரச் சொன்னால் அம்மாவுக்குப் புரியும் என்று நினைத்தாள். என்னைக் கூட்டிப் போக ஞானத்தாயை அனுப்பு என்றாள்.

அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அனுப்புறேன் கண்ணு, அவ நல்லா இருக்கா, உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா என்றாள்.

அதன்பின் படியில் காலடி கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு எழாமல் படுத்தே இருக்கப் பழகிக்கொண்டாள்.

யாரும் கையை எடுக்கவில்லை. எவ்தோக்கியாவின் புறங்கைகள் தம்பாட்டுக்கு மாவை இழுத்துக்கொண்டிருந்தன. அவ்வளவு மெல்லிதாக அந்த மாவு என்றைக்கும் வந்ததில்லை. மேஜைமேல் அதைக் கிடத்திய பிறகுதான் அவள் ஈரக் கைகளை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அவ நல்லா இருக்கான்னு நான் சொன்னப்ப, உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

பெலாகியா பாலாடைக்கட்டிப் பாத்திரத்தை இழுத்து மாவின்மேல் தூவத் தொடங்கினாள். அவுரிக்கா அழுதாள். அழுகையோடு, அப்படியென்றால் நான் எதைச் சொல்ல என்று கேட்டாள்.

பதில் சொன்னது எவ்தோக்கியா. நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து, சந்தையில் பேரம் முடிப்பவளைப் போல உறுதியாகச் சொன்னாள்.

"போன்ல ஒரு பொய்க்குத்தான் இடம் இருக்கு. அது உன்னோடது. எங்க பக்கத்துலருந்து பொய்யே வராது. நாய் செத்தா செத்துச்சுன்னு சொல்லுவோம். உங்க அத்தை விழுந்து கால ஒடிச்சுக்கிட்டாலும் சொல்லுவோம். நீ கேட்டு அழு. ஆனா நீ கோணலா ஒண்ணு சொன்னா, அது எங்களுக்குப் பளிச்சுனு தெரியும்."

"என் கால் என்னடி பண்ணுச்சு உன்னை" என்றாள் பெலாகியா.

கடைசியில் சதகுப்பைக்கீரை என்று முடிவாயிற்று. அவுரிக்காவுக்கு அதன் வாசனையே ஆகாது என்பது ஊருக்கே தெரியும். கொஞ்சம் அனுப்பு என்று அவள் கேட்டால், அன்றைக்கே பெலாகியா போலீஸில் நிற்பாள்.

சுட்டு முடித்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தபின் அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். வெயில் சாய்ந்திருந்தது. வேலிகளில் புளிப்புச் செர்ரி பூத்திருந்தது. எவ்தோக்கியா வழியில் கண்ட யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. அது அவள் வழக்கமே இல்லை.

"நீ வந்த அன்னிக்கு, தெக்லா போயிட்டான்னு நான் சொன்னப்ப, என் மடியில விழுந்து அழுதியே" என்றாள். "புதுசா கேக்குற மாதிரி. அது எனக்காக நடிச்சதா?"

ஸினோவியா யோசித்தாள். இனி பொய் வேண்டாம் என்று இருந்தது.

"தெரியாத மாதிரி இருந்தது நடிப்புதான். அழுதது நிஜம். ஆனா ஞானத்தாய்க்காக இல்ல."

எவ்தோக்கியா நடையை நிறுத்தவில்லை. மகளின் கையையும் பிடிக்கவில்லை. பிடித்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"வேற எதுக்குன்னு எப்பச் சொல்லுவ?"

"நடந்துக்கிட்டே சொல்றேன். நீ என் முகத்தைப் பாக்காத."

"பாக்கல. ரோட்டத்தான் பாக்குறேன்."

வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். எவ்தோக்கியா திரும்பவில்லை. திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு போகும் நீண்ட பாதையில் இறங்கினாள். சற்றுத் தூரம் போனபின் ஸினோவியா பேசத் தொடங்கினாள்.