கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை

"வலது பக்கம் மொதல்ல. அவசரம் வேணாம் பாய், மெதுவா ஊத்துங்க" என்று பள்ளிவாசல் மோதினார் ஷாகுல் ஹமீது சொம்பை நீட்டினார். கலீலுல்லா வாங்கிக்கொண்டான். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில்தான் இருந்தது. ஆனாலும் முதல் சொம்பை ஊற்றும்போது, பலகையில் உயிரில்லாமல் கிடந்த தம்பிக்குச் சுடுமோ என்று கை தயங்கியது.

தலைப் பக்கத்தை மோதினார் யாரிடமும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் சுற்றிய துணியோடு அதைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் நீங்க வராதீங்க, கால் பக்கம் பாருங்க" என்று முன்பே சொல்லிவிட்டார். நல்ல மனிதர். கூடப் பிறந்தவன் அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துச் சொன்னார். கால் பக்கம்தான் கலீலுல்லாவால் பார்க்க முடியாத பக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தம்பி கமாலுதீனின் கால்களில் ஒரு கீறல் கிடையாது. இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு வருஷத்துப் பழைய தழும்பு ஒன்று. மற்றபடி முட்டி, கணுக்கால், பத்து விரல்கள் எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்தவனுடைய கால்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"காலுக்கு ஒண்ணுமே ஆவல பாருங்க" என்றார் மோதினார், ஆறுதலாக.

கலீலுல்லா அடுத்த சொம்பை மொண்டான். அந்தக் கால்களைக் காப்பாற்றியது அவன்தான்.

கமாலுதீனுக்குக் கப்பல் சரக்கு கிளியரிங் கம்பெனி ஒன்றில் வேலை. துறைமுகத்தில் கப்பல் கரை அணைந்ததும் தாள்களை வாங்கிக்கொண்டு திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக் கிடங்குகளுக்குப் பறக்க வேண்டும். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கம்பெனி எடுத்து அவனிடம் கொடுத்திருந்தது. பட்டாளத்துப் பச்சை இன்னும் போகாத வண்டி. வெள்ளிக்கிழமை தொழுகைக்குத் தான் குளிக்க மறந்தாலும் அதைக் குளிப்பாட்ட மறக்க மாட்டான். அவன் மனைவி சபீஹா அந்த வண்டிக்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில், ஹார்பர் தண்டவாளத்தைக் கடக்கும்போது சக்களத்தி வழுக்கி அவன் இடது காலின் மேலேயே படுத்துவிட்டாள். எலும்பு இரண்டு துண்டு. மூன்று மாதம் அவனைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் சபீஹா. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் மறுபடியும் அதே வண்டிதான். அப்போது அவள் கலீலுல்லாவிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, போலீசு சார்ஜெண்டு வண்டில பாத்தேன். எஞ்சினுக்கு முன்னால ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பிய வளைச்சு வச்சிகீறான். லெக் கார்டாம். வண்டி சாஞ்சா அதும்மேல சாயும், கால் மேல வுழாது. அத்த மாதிரி ஒண்ணு செஞ்சு போடுங்கண்ணே. நான் சொன்னா உங்க தம்பி சிரிக்கிறாரு."

கமாலுதீன் அண்ணனிடமும் சிரித்தான். "வேணாம்ண்ணே. நான் ரெண்டு மாட்டு வண்டிக்கு நடுவுல பூந்து போறவன். யானைக் காதாட்டம் விரிச்சிக்கினு போனா எங்கியாவது மாட்டிக்கும். வுழுந்தா நான் வண்டிய வுட்டுட்டு உருண்டுருவேன். கம்பி உருளுமா?"

"உருண்டது போதும். மூணு மாசம் யாரு பேஜாரு பட்டா? நீயா, அந்தப் பொண்ணா?" என்று கலீலுல்லா வாயை அடைத்தான்.

கலீலுல்லா துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். அவன் முடுக்கியதை வேறு யாரும் கழற்ற முடியாது என்று பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பாராட்டாகச் சொன்னவர்கள் பாதிப் பேர். அவன் முடுக்கியதைக் கழற்றும் வேலை தலையில் விழுந்தவர்கள் மீதிப் பேர். லெக் கார்டுக்கு அவன் தேர்ந்தெடுத்தது கப்பலில் நீராவி போகும் தடித்த குழாய். உடன் வேலை செய்த வெல்டர் தண்டபாணி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"இது எதுக்கு கலீலு? மெல்லிசா போடு. இடிச்சா அது மடங்கணும். ஆளுக்கு பதிலா அது அடி வாங்கிக்கணும்."

"நான் செஞ்சது எதுனா மடங்கி பாத்துகீறியா நீ?"

தண்டபாணி பார்த்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பற்ற வைத்தான்.

கார்டைப் பூட்டிய பிறகு கலீலுல்லா இன்னொரு காரியமும் செய்தான். தம்பியின் குணம் தெரியும். நாலு நாள் போட்டுவிட்டுக் கழற்றி எறிவான். அதனால் போல்ட்டுகளின் முனையைச் சம்மட்டியால் அடித்து நட்டின் மேல் பரப்பிவிட்டான். எண்ணித் துணிந்து, தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்று அடித்த அடி. அடுத்த வெள்ளிக்கிழமை கமாலுதீன் ஸ்பேனரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, "இத்த கழட்டணும்னா வண்டியத்தான் அறுக்கணும்" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தோற்றாலும் முகம் கோணாத பிள்ளை அவன். ஸ்பேனர் பிடித்த கதையை வெளியே சொல்லவும் இல்லை. அண்ணன் தம்பிக்குள் நடந்ததாக அது நின்றுவிட்டது.

நேற்று மத்தியானம் திருவொற்றியூர் ரோட்டில், நின்றிருந்த லாரிக்கும் அதைத் தாண்டிய உப்பு வண்டிக்கும் நடுவில் அவன் பூந்திருக்கிறான். நூறு தடவை பூந்த அகலம்தான். கலீலுல்லா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது மோட்டார் சைக்கிளை வேப்ப மரத்தடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். முன் சக்கரம் எட்டு போட்டிருந்தது. விளக்கு இல்லை. கைப்பிடி முறுக்கிக்கொண்டு எங்கோ பார்த்தது. லெக் கார்டு மட்டும் அவன் பூட்டிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. வலது பக்கத்து வளைவில் கறுப்பு வர்ணம் போயிருந்தது. போல்ட்டுக்கும் குழாய்க்கும் இடையில் விரல் நீளத்துக்கு ஒரு மரச் சிம்பு.

வண்டிக்காரன் வேலப்பன் படிக்கட்டில் குந்தியிருந்தான். காத்திவாக்கத்து உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றி வந்தவன். யாரைக் கண்டாலும் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என் மேல தப்பு இல்ல நைனா. நான் லாரிய சுத்தி மெதுவா போய்க்கினு இருந்தேன். அவரு ஒரசிக்கினு போயிட்டிருப்பாரு. அந்தக் கம்பி என் சக்கரத்து ஆரக்கால்ல பூந்துகிச்சி. மூணு ஆரக்கால் ஒடஞ்சி போச்சி, கம்பி ஒடையல. அது வளைஞ்சி குடுத்திருந்தாகூட தப்பிச்சிருப்பாரு. மோட்டாரு அப்படியே சுத்திச்சி. அவரு பறந்து போயி மைல் கல்லுல..."

"நான் அவுரு அண்ணன்" என்றான் கலீலுல்லா. வேலப்பன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். கலீலுல்லாவுக்கு அழுகை வரவில்லை. ஆரக்காலைப் பற்றி அவன் சொன்னதைத்தான் மறுபடி மறுபடி மனசு கேட்டுக்கொண்டிருந்தது.

குளிப்பாட்டி முடிந்தது. உடம்பைத் துடைத்து, கர்ப்பூரம் தடவி, மோதினார் உடலைச் சுற்றும் கஃபன் துணியை விரித்தார். கால் பக்கத்தை மூட கலீலுல்லாவிடம் சொன்னார். மூடினான்.

உள்ளே வீட்டை இரண்டாகப் பிரித்துப் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு அப்பால் பெண்கள். நேற்றுக் காலை அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தவள் சபீஹா. இனி, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா முடிகிற வரை, நாலு மாதம் பத்து நாள், அவன் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. கஃபனுக்கு அத்தர் வாங்க அவன் திரையோரம் வந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"அண்ணே."

"சொல்லும்மா."

"வண்டி எங்க கீது?"

"ஸ்டேஷன்ல. அது இனிமே இந்த வூட்டுக்கு வராது."

அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு இன்னும் கிட்டே வந்து, ரகசியம் போலக் கேட்டாள்.

"இங்க பேசிக்கினு கீறாங்கண்ணே. கம்பி மாட்டிக்கிச்சின்னு யாரோ சொல்லிட்டுப் போனாங்க. அந்தக் கார்டா? நான் போடச் சொன்னேனே, அதுவா? உண்மையச் சொல்லுங்க. என்னாலயா?"

திரையின் ஓரத்தை அவள் பிடித்திருந்த விரல்கள் தெரிந்தன. கலீலுல்லா அந்த விரல்களைப் பார்த்தான். மெல்லிசுக் குழாய் போட்டிருந்தால் வளைந்திருக்கும். முனையை அடிக்காமல் விட்டிருந்தால் கழற்றியிருப்பான். கேட்டவள் இவள்தான், ஆனால் தடித்த குழாயை இவள் கேட்கவில்லை, சம்மட்டியையும் கேட்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். "உன்னால இல்லம்மா, என்னால" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். அந்த மூன்றும் அவனுக்கு வரவில்லை.

"கார்டு வண்டியிலயே இல்லம்மா" என்றான். "அவன்தான் நேத்து காலையில கம்பெனி ஷெட்டுல வச்சி கழட்டிட்டானே. அது வேற ஏதோ கம்பி, வண்டிக்காரனோடது."

விரல்கள் திரையை விட்டன.

"கழட்டிட்டாரா?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள் சபீஹா. குரலில் பயம் போய்விட்டிருந்தது. அதற்குப் பதில் வேறொன்று வந்திருந்தது. "அவ்ளோ கெஞ்சினேன். கழட்டிட்டாரா!"

அவளுக்காகச் சொன்னானா தனக்காகச் சொன்னானா என்று கலீலுல்லா தன்னையே கேட்டுக்கொண்டான். அவளுக்காகத்தான் என்று முதலில் தோன்றியது. அத்தர் பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அது பொய் என்று தெரிந்தது.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று ஜமாஅத்தார் அவசரப்படுத்தினார்கள். வாசலில் பட்டறை ஆட்கள் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள். தண்டபாணி நிலைப்படி ஓரமாக நின்றிருந்தான். சந்தூக்கைக் கூடத்தில் வைத்து, உடலை அதில் ஏற்றி, மேலே பச்சைத் துணியைப் போர்த்தினார்கள். கலீலுல்லாவின் தகப்பனாருடைய தங்கை காத்தூன் பீவி, எல்லோருக்கும் குப்பி, சபீஹாவைத் திரைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். எடுப்பதற்கு முன் மனைவி வாய்விட்டு மன்னிக்க வேண்டும். இல்லாவிட்டால் போகிறவன் பாரத்தோடு போகிறான் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை.

"சபீஹா, தூக்கப் போறாங்கம்மா. உன் புருசன் உனக்கு எதுனா கொற வச்சிருந்தாலும், மனசு நோவ பேசியிருந்தாலும், மன்னிச்சேன்னு சொல்லிடு. நாலு பேரு காதுல வுழணும்."

எங்கோ ஹார்பரில் கிரேன் சங்கிலி இறங்கும் சத்தம் வந்தது.

"மன்னிச்சேன்" என்றாள் சபீஹா.

குப்பி வாசல் பக்கம் திரும்பினாள். சபீஹா முடிக்கவில்லை.

"அவரு எனக்கு ஒரு கொறையும் வைக்கல. ஒரு நாள் கை ஓங்கினது இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் குப்பி எனக்கு ஆறல. காலுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு அண்ணங்கிட்ட கெஞ்சிப் போடச் சொன்னேன். அத்த கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டாரே. என் பேச்சு அவ்ளோதானா?" அழுகையில் குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "பரவால்ல. அதையும் மன்னிச்சேன்."

பெண்கள் பக்கம் ஓவென்று அழுகை எழுந்தது. மோதினாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிலைப்படியிலிருந்து தண்டபாணி கலீலுல்லாவைப் பார்த்தான். அவன் பற்ற வைத்த இரும்பு. முனை பரப்பிய போல்ட்டைக் கண்ணால் கண்டவன். கழற்றினான் என்றால் எதைக் கொண்டு கழற்றினான் என்று அந்தப் பார்வை கேட்டது.

அண்ணன் பேச்சையும் மனைவி பேச்சையும் தட்ட முடியாமல், பிடிக்காத ஒன்றை வண்டியில் சுமந்துகொண்டு போய்ச் செத்தவன் கமாலுதீன். செய்யாத தப்புக்கு இப்போது அவனுக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. திருப்பிக் கொடுக்க முடியாத மன்னிப்பு. கலீலுல்லா திரையை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"குப்பி" என்றான்.

"இன்னாடா?"

திரை அசைந்தது. அந்தப் பக்கம் யாரோ சபீஹாவைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல."

"பொஞ்சாதி மன்னிச்சிட்டா, தூக்குங்கப்பா" என்று குப்பி வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

நாலு பேர் குனிந்தார்கள். முன் பக்கத்து வலது கட்டை கலீலுல்லாவின் தோளுக்கு வந்தது. கலிமா சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். சந்தூக்கை ஒருவரே சுமக்கிற வழக்கம் இல்லை. பத்து அடி வைத்ததும் பின்னாலிருந்து ஒருவர் வந்து தோள் கொடுப்பார், சுமந்தவர் விலகிக்கொள்வார். எல்லோருக்கும் அந்த நன்மையில் பங்கு வேண்டும். மற்ற மூன்று முனைகளிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கலீலுல்லாவின் முனையில் மாறவில்லை.

"பாய், எங்களுக்கும் குடுங்க" என்று ஒருவர் தோளை நுழைத்தார். கலீலுல்லா நகரவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டு வேறு முனைக்குப் போனார்.

தெரு முடிந்து பெரிய ரோடு வந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கட்டை அழுத்தி அழுத்தி அவன் சட்டைத் தோளில் தையல் விட்டுக்கொண்டது. மூச்சு இரைத்தது. தண்டபாணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"மாத்திக்கோ கலீலு."

கலீலுல்லா தலையை ஆட்டினான். வேண்டாம் என்றா, முடியாது என்றா, தெரியவில்லை. தண்டபாணி இரண்டாம் முறை கேட்கவில்லை. விலகியும் போகவில்லை. பள்ளிவாசல் வரை அவன் கூடவே நடந்தான். அவன் கை மட்டும், கட்டைக்கு ஒரு விரற்கடை கீழே, அதைத் தொடாமல் வந்துகொண்டிருந்தது.