கோழியிடம் மட்டும்

கதை எழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். பிறர் எழுதியவற்றில் பிழை பார்ப்பதே என் தொழில். பதினாறு ஆண்டுகளாக ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். சொந்தமாக எழுதியவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டுமே. ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று வீட்டிலும் ஓயாமல் பேசுவதால் அக்கா எனக்கு ‘ஒற்று’ என்றே பெயர் வைத்துவிட்டாள்.

அப்படிப்பட்ட என் கையிலிருந்துதான் அந்தப் பிழை தப்பியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மூத்த பெண் எழுத்தாளர் ஒருவரின் நாவல் எங்களிடம் அச்சுக்கு வந்தது. காற்புள்ளி ஒன்று இடம் மாறினாலும் பதிப்பகத்துக்கே வந்து நிற்பவர் அவர். வெளியூரில் கிடைத்த வேலையில் சேர, நாயகி வீட்டாருக்குத் தெரியாமல் கிளம்பும் கட்டம் ஒன்று அதில் உண்டு. ‘தோழியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு புறப்பட்டாள்’ என்று எழுதியிருந்தார். ஆனால் அவர் கையெழுத்தில் தகரமும் ககரமும் இரட்டைப் பிள்ளைகள். தட்டச்சு செய்தவர் ‘கோழியிடம் மட்டும்’ என்று அடித்துவிட்டார். மூன்று முறை மெய்ப்புப் பார்த்த நானும் மூன்று முறையும் அந்தக் கோழியைத் தப்பவிட்டேன்.

இரண்டாயிரம் படிகள் அச்சான பிறகே அது என் கண்ணில் பட்டது. சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இரண்டாம் பதிப்பில் ஓசைப்படாமல் திருத்திவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் நாவல் திரைப்படமாகிவிட்டது.

முதல் நாள் பகல் காட்சிக்கு எழுத்தாளரே தொலைபேசியில் அழைத்தார். “மூணு தடவை படிச்சவர், நீங்க வராம எப்படி தம்பி? வீட்ல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க.”

அக்காவை அழைத்துச் சென்றேன். வழியிலேயே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“ஒரு எழுத்துக்கா இந்த நடுக்கம்? யாருடா அதைப் பார்க்கப் போறாங்க?”

“டைரக்டர் பார்த்திருந்தா?”

“பார்த்திருந்தா கோழி வரும். வந்தா பார்த்துக்கலாம்.”

கோழி வந்தது.

ஒரு பக்கம் எழுத்தாளர், மறுபக்கம் அக்கா. முதல் அரை மணி நேரத்திலேயே நான்கு அத்தியாயங்கள் காணாமற் போயின. நாயகியின் சித்தப்பாவையும் காணவில்லை. மனத்துக்குள் விடுபாடுகளைக் குறித்துக்கொண்டிருந்தபோது திரையில் வைகறை. நாயகி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கோழிக்கூண்டின் முன் குந்தினாள். உள்ளிருந்த பழுப்புப் பெட்டைக்கோழி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது.

“நான் போறேன். அப்பா கேட்டா எதுவும் சொல்லிடாதே.”

“கொக்” என்றது கோழி.

“சத்தியமா?”

கோழி சற்று யோசித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அரங்கம் அதிர்ந்தது, விசில் பறந்தது. பிறகு அவள் கூண்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்தபோது அத்தனை சிரிப்பும் அப்படியே அடங்கியது. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

“டேய் ஒற்று, இதையா பிழைங்கறே?” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

இடைவேளை விளக்கு எரிந்ததும் எழுத்தாளர் முன் எழுந்து நின்றேன். “அம்மா, நீங்க எழுதினது தோழி. கோழி என் கவனக்குறைவு. தயவுசெஞ்சு மன்னிக்கணும்.”

அவர் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். “மெதுவா பேசுங்க தம்பி. ரெண்டு வரிசை முன்னாடி டைரக்டர் உட்கார்ந்திருக்கார்.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“முதல் பிரதி வந்த அன்னைக்கே பார்த்துட்டேன். உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடணும்னு ஃபோனைக்கூட எடுத்தேன். அப்புறம் அந்த வரியை இன்னொரு தடவை படிச்சேன். தோழின்னு ஒருத்தி இருந்தா இந்தப் பொண்ணுக்கு என்ன குறை? கோழிகிட்ட சொல்லிட்டுப் போறான்னா, பாவம், சொல்ல ஒரு ஆள் இல்லைன்னுதானே அர்த்தம்? நானூறு பக்கம் எழுதின எனக்கு அது தோணலையே!”

“அப்படின்னா மூணு வருஷமா ஏம்மா ஒண்ணும் சொல்லலை?”

“எப்படிச் சொல்றது? அந்த ஒரு வரிக்காகவே படம் எடுக்கறேன்னு டைரக்டர் வந்து நின்னார். ரொம்ப யோசிச்சு எழுதினேன்னு சொல்லிட்டேன். நீங்க ரெண்டாம் பதிப்புல திருத்தி என் மானத்தை வாங்கிடுவீங்களோன்னு நான்தான் பயந்துட்டிருந்தேன்!”

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அம்மா, இவனுக்கு வீட்ல ஒற்றுன்னு பேரு. இனிமே கோழின்னு மாத்திடட்டுமா?”

“தாராளமா. ஆனா அச்சடிக்கறப்ப தோழின்னு போட்டுடுவாரே!”

மூவரும் சிரித்த சிரிப்பில், முன்வரிசையிலிருந்து இயக்குநரே திரும்பிப் பார்த்தார். எழுத்தாளர் சட்டென்று முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும், தொழில் பழக்கத்தால் விடுபட்டவற்றைக் குறித்து வைத்தேன். நாவலிலிருந்து படத்துக்கு வராதவை: நான்கு அத்தியாயங்கள், ஒரு சித்தப்பா, ஒரு தபால் நிலையம். எனக்கும் எழுத்தாளருக்கும் போனவை: ஆளுக்கு மூன்று ஆண்டு நிம்மதி. கையெழுத்துப் பிரதியிலிருந்து அச்சுக்கு வராதவர்: ஒரு தோழி.