வீட்டு வாக்கியங்கள்

செத்துப்போன கணவருக்குச் சட்டை போடுவது இத்தனை சிரமம் என்று இவளுக்குத் தெரியாது. இடது கை மடங்க மாட்டேன் என்றது. மகள் தோளைத் தாங்கிப் பிடிக்க, ஒருவழியாகக் கையை நுழைத்துப் பித்தான்களுக்கு வந்தபோது மகள் மெல்லச் சொன்னாள்.

"மெத்தைக்காரம்மாவுக்குச் சொல்லிட்டேன்மா."

"உன்னை யாரு சொல்லச் சொன்னது?"

"அப்பா நேத்துகூடக் கேட்டாரே."

கேட்டார்தான். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண் திறந்தபோது, தலைமாட்டிலேயே பழியாகக் கிடந்த பெண்டாட்டியைப் பார்த்து, "மெத்தைக்காரம்மா வந்தாங்களா?" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. காலமெல்லாம் கூட இருந்தவளுக்குக் கடைசியில் மிஞ்சியது அந்தக் கேள்விதான்.

அவர் கல்லூரியில் மொழியியல் வாத்தியார். எந்தப் பக்கத்து ஜனங்கள் வாக்கியத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதுதான் மனுஷருக்குப் பைத்தியம். ஒரு நாள் இவள் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு மெத்தை தைக்க வந்தவள், "கிழிஞ்சிருக்கு உறை இந்தப் பக்கம்" என்றாளாம். எல்லோரும் கடைசியில் வைக்கிற வினைச்சொல்லை முன்னால் தூக்கிப் போட்டு, மற்றதையெல்லாம் பின்னால் இழுத்துவரும் பேச்சு. அவள் பிறந்த பக்கத்தில் எல்லோரும் அப்படித்தானாம். அன்றைக்கு விழுந்தவர்தான். வியாழக்கிழமை தவறாமல் அவள் கடைக்குப் போய், பஞ்சு மூட்டைமேல் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். திரும்பி வந்தால் சட்டையெல்லாம் பஞ்சு. அதைப் பொறுக்கி எடுத்துத் துவைத்துப் போட்டவள் இவள்.

இவள் எதிரில் ஒரு நாளாவது அந்தப் பெட்டியை வைத்திருப்பாரா? "என்னையும் கேட்டாத்தான் என்ன?" என்று வாய்விட்டே கேட்டாள் ஒருமுறை. "உன் பேச்சுதான் எனக்கு மனப்பாடமாச்சே" என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

மெத்தைக்காரம்மா வீட்டுக்கு வந்தாள். இவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தலை நரைத்து, முட்டி வலியில் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துப் பொருமியது வேறு யாரோ ஒரு அழகியை. அதற்காக எரிச்சல் குறைந்துவிடவில்லை. வந்தவள் கட்டிலருகே சும்மா நின்றாள். அழுது கூப்பாடு போட்டிருந்தால் சண்டை பிடிக்க ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

"அவரு கடைசியா உங்களைத்தான் கேட்டாரு" என்றாள் இவள். குத்தலாகச் சொல்லத்தான் நினைத்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"கேட்டிருப்பாரு வேலையா. பாக்கி இருந்துச்சு கொஞ்சம் கேக்க வேண்டியது."

"அப்படி என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும், இத்தனை வருஷமா?"

மெத்தைக்காரம்மா கட்டிலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பேசினதில்லை நான் எதுவும். சொல்லுவாரு அவரு ஒண்ணு. கேப்பாரு, 'எங்க வீட்டுல இப்படிச் சொல்லுவாங்க, உங்க பக்கம் எப்படி?'ன்னு. மாத்திச் சொல்லுவேன் நான் அதை. அவ்வளவுதான்."

"வீட்டுலன்னா யாரு?"

"நீங்கதான். 'குடையை மறந்துட்டீங்க.' 'பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு.' 'சட்டையெல்லாம் பஞ்சு, எங்கதான் போய் உட்காருவீங்களோ.' 'என்னையும் கேட்டாத்தான் என்ன.' தெரியும் எனக்கு எல்லாம். சொல்லுவாரு உங்க குரல் மாதிரியே."

மகள் தலையைத் திருப்பிக்கொண்டாள். மெத்தைக்காரம்மாவின் குரல் இறங்கியது.

"பத்திக்கிட்டு வரும் சில நாள் எனக்கு. வருஷமெல்லாம் பேசினேன் உங்க பேச்சையே. இருந்ததேயில்லை அங்க, எனக்குன்னு ஒரு பேச்சு."

இவள் மகளைப் பார்த்து, "நாற்காலியை எடுத்துப் போடு" என்று மட்டும் சொன்னாள்.

மெத்தைக்காரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். தோளில் ஒரு இழை பஞ்சு ஒட்டியிருந்தது. பழக்கத்தில் இவள் கை நீண்டு அதை எடுத்துவிட்டது. எங்கே போடுவதென்று தெரியாமல் விரலிடுக்கிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.