பதினெட்டாவது பதில்

கலையரசன் லண்டனில் இருந்தது மொத்தம் பதினோரு நாள். அதுவும் மச்சான் வீட்டில், பாதி நாள் ஜலதோஷத்தோடு. அந்தப் பதினோரு நாளை வைத்துக்கொண்டு வேங்கிக்காலில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், ஆறு வருஷமாக 'வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை' நடத்துகிறார். நானும் போய் உட்கார்ந்தேன். என் தலையெழுத்து.

"சாரி ஜாஸ்தியா சொல்லு. தேங்க்ஸ் அதவிட ஜாஸ்தியா சொல்லு. பேச்சக் கம்மி பண்ணு. ஒண்ணும் தோணலன்னா மழையப் பத்திப் பேசு" என்பார். சித்திரை வெயிலில் வியர்த்து வழிந்தபடி பதினான்கு பேர் மழையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினோம். வரிசையில் நிற்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு, கீழே இறங்கி, ஜெராக்ஸுக்குக் காத்திருந்த ஏழு பேரையும் தள்ளிக்கொண்டு தன் காகிதத்தை முதலில் நீட்டுவார். "அங்க புரொபசரக்கூட பேர் சொல்லித்தான் கூப்பிடணும்" என்று அவர் சொன்ன அன்றைக்கு, அன்பரசன் என்கிற ஒருத்தன் "சரிங்க கலையரசன்" என்றான். வகுப்பு முடியும்வரை அவனை நிற்க வைத்தார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை தலையாட்டல். நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம் என்கிறோமா இல்லை என்கிறோமா என்று வெள்ளைக்காரர்களுக்குக் குழம்புமாம். அதனால் மேலும் கீழும் மட்டும்தான் ஆட்ட வேண்டுமாம். தினமும் பத்து நிமிஷம் பயிற்சி. எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம் நான் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். எனக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். அப்பா பலராமனுக்கு இரண்டு ஏக்கர் மல்லாட்டை. வேர்க்கடலை என்று எழுதினால்தான் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியும். பயிர் நோய்கள் பற்றி மேல்படிப்பு படிக்க இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் நிஜமாகவே படிக்கத்தான் வருகிறேனா என்று கம்ப்யூட்டர் வழியாக ஒரு நேர்காணல் வைப்பார்கள். அதில் ஒரு தடவை தோற்றுவிட்டேன். 'பதில்கள் மனப்பாடம் செய்தவை' என்று எழுதி அனுப்பினார்கள். பின்னே? கலையரசன் கொடுத்த பதினேழு பதில்களை ஒப்பித்தால் வேறென்ன எழுதுவார்கள்? இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் இடமும் போச்சு.

"ஸ்பீடா சொல்லிட்டம்மா, அதான். அதே பதில மெதுவா சொல்லு" என்றார் கலையரசன். மகா அறிவாளி.

வீட்டில் அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"திரும்பி வருவியாம்மா?"

எனக்கே தெரியாததைக் கேட்டால் எரிச்சல் வராதா? "மொதல்ல போறேன், அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "போறேன்னு சொல்றா பாரு! வாயில வசம்ப வச்சித் தேய்க்க! போயிட்டு வரேன்னு சொல்லுடி!"

அப்பா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இரண்டாவது நேர்காணல் நாளன்று, கலையரசன் லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி மேல் ஏறி, பதில்களை எழுதிய சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபேன் காற்றில் அது மடங்கி மடங்கி விழுந்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். உலகத்தரம், பன்முகக் கலாசாரம் என்று மெதுவாக, மிக மெதுவாகச் சொன்னேன். தலையை மேலும் கீழும் ஆட்டினேன். அந்த அம்மாவின் முகம் போன தடவை பேசியவரின் முகம் போலவே இறுகிப் போனது. நன்றி, அவ்வளவுதான் என்றார்.

முடிந்தது என்று தெரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நாற்காலியை விட்டு எழும்போது, வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. "ஐ வில் கோ அண்ட் கம், மேடம்."

கலையரசன் தலையில் அடித்துக்கொண்டார். சார்ட் கீழே விழுந்தது.

"எங்கே வருவீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டார்.

இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது? சொன்னேன். எங்கள் ஊரில் கிளம்புகிறவர்கள் 'போகிறேன்' என்று சொல்லமாட்டார்கள், செத்தவர்கள்தான் வெறுமனே போவார்கள், என் அப்பா அரைமணி நேரம் நிலத்துக்குப் போனாலும் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வார் என்றேன். என்ன நிலம் என்று கேட்டார். மல்லாட்டை இலையில் கரும்புள்ளி விழுவதைச் சொன்னேன். இரண்டு வருஷமாக மருந்தடித்தும் கேட்காததை, மூன்று மல்லாட்டைக் கொல்லையிலிருந்து இலை பறித்து நான் நோட்டில் ஒட்டி வைத்திருப்பதைச் சொன்னேன். ஆங்கிலம் கன்னாபின்னாவென்று வந்தது. தலை நாலா பக்கமும் ஆடியது. இருபது நிமிஷம் ஓடியதே தெரியவில்லை.

நாலாம் நாள் தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. ஐந்தாம் நாள் ஜெராக்ஸ் கடை வாசலில் என் படத்தோடு ஃபிளெக்ஸ். 'எங்கள் பயிற்சி, எங்கள் வெற்றி' என்று போட்டிருந்தது. மனுஷனுக்கு வெட்கம் என்று ஒன்று வேண்டாமா?

விசாவும் வந்து, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கொடுத்து வைத்திருந்த சான்றிதழ்களைத் திரும்ப வாங்க மாடி ஏறினேன். புது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. போர்டில் பதினெட்டாவது பதில்.

"எழுந்திருக்கும்போது சொல்லணும். சிரிச்சிக்கினே சொல்லணும். எங்க, எல்லாரும்!"

"ஐ வில் கோ அண்ட் கம், மேடம்!" பத்தொன்பது பேர், ஒரே குரல்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் அம்மாவிடம் அடி வாங்கிக் கற்ற வார்த்தை அது. அதற்கும் ஒரு நம்பர் போட்டுவிட்டார். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் தென்றல் என்கிற பெண் நோட்டோடு ஓடி வந்தாள்.

"அக்கா, அப்பா நெலத்தப் பத்திக் கேப்பாங்களாமே? எங்களுக்கு நெலமே இல்லக்கா. நானும் மல்லாட்டன்னே சொல்லிடட்டுமா?"

"உங்கப்பா என்ன பண்றாரு?"

"வேன் ஓட்றாரு."

"அதச் சொல்லு."

"சார் இததான் எழுதிக் குடுத்திருக்காரு" என்றாள். அவள் நோட்டில் கரும்புள்ளி, மூன்று கொல்லை, ஒட்டி வைத்த இலை எல்லாம் வரிசையாக இருந்தன. என் அப்பாவின் இரண்டு ஏக்கர் பத்தொன்பது நோட்டுகளில் இருந்தது. சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கிளம்புகிற அன்று காலை, பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு அப்பா என் எதிரில் வந்து நின்றார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. "சொல்லிட்டுக் கெளம்பும்மா" என்றார்.

வாயைத் திறந்தேன். பத்தொன்பது குரல் காதில் கேட்டது.

"போயிட்டு வரேம்பா" என்றேன். சிரித்துக்கொண்டே, மெதுவாக, தலையை மேலும் கீழும் ஆட்டி.

அப்பா நம்பிவிட்டார்.