ஏழு மணித் தாள்

உள்ளறையில் பிரிண்டர் கடகடவென்று விழித்துக்கொண்டபோது, கூடத்தில் அப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் எழுந்தாள். நாற்பது நாட்களாகக் காலை ஏழு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து போவது அவள் வழக்கம். யாரோ கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். உதறிவிட்டுப் போய், தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அது மகள் சின்னவளின் புரோகிராம், நிறுத்த மறந்துபோயிருந்தாள்.

தாளின் கடைசி இரண்டு வரிகளில், நேற்றைக்கும் இன்றைக்கும், எடை 0 என்று இருந்தது.

அப்பாவுக்கு இதயம் தளர்ந்து உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் வியாதி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: தினமும் எடை பாருங்கள், மூன்று நாளுக்குள் ஒன்றரை கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர், உடனே கூப்பிடுங்கள். கம்பெனிகளுக்கு எக்செல் அறிக்கை தயாரிக்கும் புரோகிராம் எழுதுவது சின்னவளின் பிழைப்பு. வீட்டுக்கும் ஒன்று எழுதினாள். அப்பா ஏறி நின்றால் எடை மெஷின் கணக்கைத் தானாக அனுப்பிவிடும். புரோகிராம் அதைக் கட்டங்களில் நிரப்பி ஏழு மணிக்கு அச்சடித்துத் தள்ளும். சத்தம் கேட்டதும் அப்பா படுக்கையிலிருந்தே, "பாஸா ஃபெயிலா?" என்பார். அம்மா பார்த்துவிட்டு, "பாஸ்" என்பாள். பரீட்சை எழுதிய பையனைப் போல அவர் சிரிப்பார்.

புதன்கிழமையும் பாஸ்தான். வியாழன் விடியும் முன்பே மூச்சு முட்டியது. சாயங்காலம் எல்லாம் முடிந்தது.

இரவெல்லாம் பயணம் செய்து விடிகாலையில் வந்து சேர்ந்திருந்தான் பெரியவன். அழுது முடித்ததும் அவனுக்குக் கேள்விகள் முளைத்தன. நுரையீரல் முழுக்க நீர் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாமே, எடை ஏறியிருக்குமே, யாரும் பார்க்கவில்லையா என்று அம்மாவைக் கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். அவள் அலமாரியிலிருந்து கிளிப் போட்ட தாள்கட்டை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள். ஒரு தாள்கூடத் தொலையவில்லை. அவன் வாய்விட்டுப் படித்தான்.

"திங்கள் அறுபத்தொண்ணு. செவ்வாயும் அதேதான். புதன் அறுபத்திரண்டு. ஒரு கிலோதானே கூடியிருக்கு?"

சின்னவள் சுவரில் சாய்ந்து நின்றபடி அந்த மூன்று எண்களையும் கேட்டாள். கேட்டவுடனே தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதல் வாரம் தாளில் 64.2837 என்பது போல வால் நீண்ட எண்கள் வந்தன. இது என்ன போன் நம்பரா, கண்ணுக்கே பிடிபடவில்லை என்று அம்மா சலித்துக்கொண்டாள். புள்ளிக்குப் பின்னால் ஓரிலக்கம் விட்டிருக்கலாம். சின்னவளுக்கு அன்றைக்கு ஆபீசில் தலைக்கு மேல் வேலை. முழு எண் மட்டும் தெரிந்தால் போதும் என்று கட்டங்களுக்கு அலங்காரம் செய்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நிமிட வேலை. ஒன்றரை கிலோ தாண்டினால் சிவப்பில் எச்சரிக்கும் வரியை அடுத்த வாரம் சேர்க்கலாம் என்றிருந்தாள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

மடிக்கணினியைத் திறந்து திங்கள்கிழமைக் கட்டத்தைத் தொட்டாள். கட்டத்துக்குள் 61. மேலே, உண்மையான எண்ணைக் காட்டும் பட்டையில் 60.52. புதன்கிழமையைத் தொட்டாள். 62.44.

ஒன்றே முக்காலுக்கும் மேல்.

பார்வைக்கு மறைப்பது வேறு, எண்ணையே வெட்டுவது வேறு என்று ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுப்பவள் அவள்தான். மறைத்தால் உள்ளே உண்மை அப்படியே இருக்கும், பயமில்லை என்று சொல்லிக்கொடுப்பாள். உண்மை உள்ளே பத்திரமாக இருந்தது. அப்பாதான் இல்லை.

பெரியவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அந்த ஃபைலை எனக்கு அனுப்பு. தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டறேன். அம்மாவைப் பாரு, அவங்க மேலதான் தப்போன்னு உள்ளுக்குள்ள உருகிட்டு இருக்காங்க."

பார்த்தாள். அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை அவருடைய முகம் பூரித்து இருந்ததாம். தேறி வருகிறார் என்று சந்தோஷப்பட்டாளாம். இருட்டும் நேரத்தில் இரண்டு வாய் சாப்பிடவே அவருக்கு மூச்சு வாங்கியதாம். போனைக் கையில் எடுத்தாளாம்.

"டாக்டரைக் கூப்பிடலாம்னுதான் இருந்தேன். பேப்பரை இன்னொரு தடவை பார்த்தேன். ஒரு கிலோதான். சின்னவ போட்ட கணக்கு தப்பா வருமான்னு போனை வெச்சுட்டேன்."

சின்னவள் வாயைத் திறந்தால் போதும், அம்மா மேல் விழுந்த பழி போய்விடும். அதோடு அம்மாவுக்கு இந்த வீட்டில் நம்புவதற்கு மிச்சம் இருக்கும் ஒன்றும் போய்விடும். இப்படி அம்மாவுக்காக யோசித்ததாகத்தான் நினைத்தாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் என்பது அவளுக்கே தெரிந்தது, அதனால் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஒரே ஒரு வரி எழுதினாள். எடைகள் எல்லாம் வால் வெட்டுப்பட்டு, தாளில் அச்சான அதே முழு எண்களாயின. மெஷின் அனுப்பியிருந்த பழைய பதிவுகளையும் தேடிப் பிடித்து அழித்தாள். இனி எந்தக் கட்டத்தை யார் தொட்டாலும், மேலேயும் 61, உள்ளேயும் 61. அனுப்பிவிட்டாள்.

பெரியவன் போனில் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு அம்மாவிடம் போய்க் குனிந்து அவள் தோளைத் தொட்டான்.

"ஒரு கிலோதாம்மா. நீ சரியாத்தான் பார்த்திருக்க. யாரு மேலயும் தப்பில்ல."

அம்மா அப்போதுதான் உடைந்து அழுதாள். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சின்னவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

பத்து மணிக்கு வண்டி வரும் என்றார்கள். ஒன்பதரைக்கு உள்ளறைக்கு வந்த அம்மா, மடிக்கணினிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள்.

"நாளைக்கும் வருமா?"

"இல்லம்மா. நிறுத்திடறேன்."

"வேணாம். வரட்டும்."

"வெறும் சைபர்தாம்மா வரும்."

"இருக்கட்டுமே. அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவரு குரல் கொடுப்பாரு."

அம்மா பிரிண்டரின் தட்டை இழுத்துப் பார்த்தாள். இரண்டு மூன்று தாள்கள்தான் மிச்சம் இருந்தன. மேஜைக்கு அடியிலிருந்த கட்டைப் பிரித்து, ஒரு கைப்பிடி வெள்ளைத் தாள்களை எடுத்து, நான்கு பக்கமும் தட்டி நேராக்கி, உள்ளே வைத்து மூடினாள்.