சைரன் கத்தினா நிக்கற கால்

ஒரு குரலைக் கேட்ட உடனே உங்க கால் தானா நின்னிருக்கா? சின்ன வயசுல அம்மா "டேய்"னு கத்தினா நிக்குமே, அந்த மாதிரி. எனக்கு அது முப்பத்தி நாலு வயசுல, ஊர் பாக்க, மைதானத்துல நடந்துச்சு.

நான் ஃபுட்பால் ஆடிப் பொழைக்கறவன். மிட்ஃபீல்டு. கோல் போடறவனும் இல்ல, கோல் காக்கறவனும் இல்ல. நடுவுல நின்னு எதிராளி கால்ல இருந்து பந்தைப் பிடுங்கி நம்மாளு கால்ல சேக்கணும், அவ்வளவுதான் வேலை. போஸ்டர்ல என் மூஞ்சி வந்ததே இல்ல. எந்த கிளப்லயும் ரெண்டு வருஷத்துக்கு மேல தங்கினதும் இல்ல. ஏழாவது கிளப்பா இங்க வந்தப்ப, முதல் வாரமே பசங்க எனக்குப் பேரு வச்சுட்டாங்க. வாடகை.

"என்ன வாடகை, பெட்டியைப் பிரிச்சியா?"

"இன்னும் இல்லப்பா. நீங்க ஆடற லட்சணத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன்."

வாய்தான் இப்படி. உண்மையில அவங்க என்னை இன்னும் எடுக்கவே இல்ல. ட்ரையல். சீசனுக்கு முன்னாடி ஒரு பயிற்சி ஆட்டம் இருக்கு, அதுல என்னை இறக்கிப் பாத்துட்டு கோச் முடிவு சொல்லுவாரு. மத்த கிளப் எல்லாம் ஆள் எடுத்து முடிச்சாச்சு. இவங்களும் வேண்டாம்னா என் ஆட்டம் இதோட முடிஞ்சுது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் வீட்டுக்காரி ஃபோன் பண்ணினா.

"என்னங்க, எங்க அண்ணன் குடோன்ல சூப்பர்வைசர் வேலை இருக்காம். நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"வேண்டாம்னு இப்பவே சொல்லிடு."

"ஒருவேளை இங்கயும் எடுக்கலைன்னா?"

"ஒருவேளையாவது மண்ணாவது. என் கால் இன்னும் ஓடுது."

"ஓடறது தெரியுது. வீட்டுப் பக்கம்தான் ஓட மாட்டேங்குது."

சிரிச்சேன். வச்சதுக்கப்புறம் சிரிப்பு வரல. லாண்டரி கடைக்கு மேல ஒத்தை ரூம். கீழ மெஷின் சுத்தினா என் கட்டிலும் ஆடும். அந்த ஆட்டத்துலயே தூங்கிப் பழகிட்டேன்.

எங்களோட ஆட வந்தது என்னோட பழைய கிளப். அங்க என்கூட நடுவுல ஆடினவனுக்குப் பட்டப்பேரு சைரன். அவன் கத்தினா ஸ்டாண்டுல கடைசி வரிசைக்குக் கேக்கும். அவன் பின்னாடி, நான் முன்னாடி. பின்னாடி நிக்கறவனுக்குத்தான் மைதானம் முழுசாத் தெரியும். அதனால அவன் "விடு"ன்னா நான் பந்தை விட்டுடணும். திரும்பிப் பாக்கக் கூடாது, பாத்தா லேட்டு. ரெண்டு வருஷம் தினம் தினம் அப்படியே ஆடினோம்.

முதல் பாதில அவங்களுக்கு ஒரு கார்னர். பந்து தாழ்வா நேரா என்னைப் பாத்து வருது. என் பக்கத்துல அவங்க டீம்காரன் ஒருத்தனும் காலைத் தூக்கறான். பின்னாடி இருந்து சத்தம்.

"விடு! எனக்கு!"

அவன் டீம்காரன் விட்டான். நானும் விட்டேன்.

பந்து எங்க ரெண்டு பேர் நடுவுல பூந்து போச்சு. சைரன் ஓடி வந்து ஒரே உதை. கோல். அவன் குதிக்கக்கூட இல்ல, என்னையே பாத்துட்டு நின்னான்.

"மச்சான், எனக்கா விட்ட?"

அவங்க பெஞ்ச்ல விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. எனக்குக் காது மடல் எரிஞ்சுது.

ஹாஃப் டைம்ல கோச் என் முன்னாடி வந்து நின்னாரு.

"நீ யாருக்குய்யா ஆடற?"

"பழகின குரல் கோச். கால் தானா நின்னுடுச்சு."

"அப்ப நீயும் பெஞ்ச்ல உக்காரு."

"உக்கார மாட்டேன் கோச். செகண்ட் ஹாஃப்ல அவனை என்கிட்ட விடுங்க. அவன் போற இடமெல்லாம் நான் போறேன்."

எங்க கோல்கீப்பர் குறுக்க வந்தான்.

"வந்து ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள வாடகையைக் காலி பண்ணச் சொன்னா எப்படி கோச்?"

எல்லாரும் சிரிச்சாங்க. கோச் சிரிக்கல. "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா இங்க வராத. அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடு"ன்னாரு.

நான் சைரன் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டேன். அவன் தண்ணி குடிக்கப் போனாக்கூடப் பின்னாடியே போனேன். "என்ன மச்சான், கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"ன்னான். மூச்சை மிச்சம் பண்ணினேன்.

அப்புறம் நடுவுல ஒரு பந்து யார் கால்லயும் இல்லாம உருண்டு வந்துச்சு. நான் முன்னாடி, அவன் பின்னாடி.

"விடு மச்சான்!"

இந்தத் தடவை வேணும்னே எனக்குக் கத்தினது. அப்படிக் கத்தறது தப்பு, ரெஃப்ரி காதுல விழுந்தா மஞ்சள் கார்டு. அவரு தூரத்துல இருந்தாரு. என் கால் நிக்கப் பாத்துச்சு. மூளைக்கு அவன் எதிராளின்னு தெரியுது, காலுக்குத் தெரியல. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காலை உள்ள விட்டேன். சைரன் பூட்ஸ் என் கணுக்கால்ல இடிச்சுது, ஆனா பந்து எங்கிட்ட. தலையை நிமித்தாமயே இடது பக்கம் தள்ளினேன். ஓரத்துல ஆடற எங்க விங்கர் பந்தோட ஓடி, கோல் மூலையில போட்டான். ஒண்ணுக்கு ஒண்ணு.

சைரன் விடல. அதுக்கப்புறமும் கத்தினான். ஒவ்வொரு தடவையும் கால் நிக்கப் பாத்துச்சு, ஒவ்வொரு தடவையும் இழுத்துட்டுப் போனேன். கடைசி விசில் வரைக்கும் அது பழகவே இல்ல. ஆட்டம் டிரா.

கைகுடுக்க வந்தவன் கட்டிப்பிடிச்சான்.

"செவிடாயிட்டியாடா?"

"நல்லாக் கேட்டுச்சு. மறுபடி ஒரே டீம்ல ஆடினா விடறேன்."

"நம்மளை இன்னொரு தடவை யாரு எடுப்பான்?"ன்னு கேட்டுட்டு, அவன் டீம் பக்கம் நடந்தான்.

கோச் "காலைல சொல்றேன்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. ரூமுக்கு வந்து, வீங்கின கணுக்காலை வாளித் தண்ணில வச்சுக்கிட்டு வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"கோச் இன்னும் ஒண்ணும் சொல்லல. உங்க அண்ணனுக்கு என்ன சொன்ன?"

"வேண்டாம்னு நேத்தே சொல்லிட்டேன்."

"நேத்தேவா? ஒருவேளைன்னு இழுத்தியே?"

"இழுத்தேன். நீங்க கேக்கற ஆளா? கால் வலிக்குதா?"

"இல்ல."

"பொய். தண்ணி சத்தம் கேக்குது."

மறுநாள் காலைல கோச் ஆஃபீஸுக்குக் கூப்பிட்டாரு. ஒரு சீசன் வச்சுக்கறோம், பாதி ஆட்டத்துக்கு பெஞ்ச்லதான் உக்கார வேண்டியிருக்கும்னாரு. சரின்னேன். கையெழுத்துப் போட்டுட்டு ட்ரெயினிங்குக்குப் போனேன்.