துணையின்றிப் பார்த்த கலங்கரை விளக்கம்

தனியாகப் பயணம் போகப்போவதாகச் சின்னவள் சொன்னபோது, அவளுடைய அத்தான் செய்தித்தாளை மிகுந்த மரியாதையோடு மடித்து வைத்தார். அக்காவின் கணவராகிய அவர் ஒரு குழாய்க் கம்பெனியில் மேற்பார்வையாளர். குடும்பச் சுற்றுலாக்களின் நிரந்தரத் தலைவரும் அவரே. கழுத்தில் விசிலை மாட்டாமல் அவர் வீட்டுப் படி இறங்கியதில்லை. இறங்கும் இடத்திலும் ஏறும் இடத்திலும் அதை ஊதித் தலைகளை எண்ணுவார்.

“தனியாவா? எங்க?”

“அந்த லைட்ஹவுஸுக்கு, அத்தான்.”

“அதான் ஏற்கெனவே பார்த்தாச்சே!”

“நீங்க பார்த்தீங்க. நான் பையைப் பார்த்துக்கிட்டேன்.”

அது உண்மைதான். பதினோரு ஆண்டுகளுக்கு முன், முதல் சுற்றுலாவில், அவளுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. மற்ற ஏழு பேரும் ஒரு கோட்டையைச் சுற்றிவர, அவள் வாசலில் மூட்டை முடிச்சுகளோடு அமர்ந்திருந்தாள். சுளுக்கு மூன்றே நாளில் சரியாயிற்று. பதவி மட்டும் நிலைத்துவிட்டது. அதன்பின் எங்கே போனாலும், “சின்னவ இருக்காளே, பையெல்லாம் அவகிட்ட குடு” என்பதே பேச்சு. கல்யாணம் ஆகாதவள், இடுப்பில் குழந்தை இல்லாதவள். ஆகவே அவளுடைய இரண்டு கைகளும் பொதுச்சொத்து என்று குடும்பம் பெருந்தன்மையோடு தீர்மானித்திருந்தது.

அந்தக் கலங்கரை விளக்கத்தின் அடியில் மட்டும் அவள் இரண்டு மணி நேரம் வெயிலில் காய்ந்தாள். இறங்கிவந்த அத்தான், மேலே கண்ட காட்சியை இன்றோடு ஆறு ஆண்டுகளாக வருணித்து வருகிறார். உச்சி மாடத்தில் ஆளைத் தூக்கும் காற்று. கடலில் வரிசையாக ஏழு தீவுகள். ஏழாவது தீவில் ஒற்றை மரம். விருந்தாளி யார் வந்தாலும், தண்ணீர்ச் சொம்பு வருவதற்குள் தீவுகள் வந்துவிடும். சொம்பு காலியாவதற்குள், இன்னொரு சுற்றுலாவில் அவள் வாசலோடு நின்ற அரண்மனையின் முந்நூறு அறைகளும் வந்துவிடும். சின்னவள், பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடமொன்றில் வேலை பார்ப்பவள். அத்தானின் முன்பற்கள் மூன்றும் அவள் கைவேலை. தான் மெருகேற்றிக் கொடுத்த பல்லைக் காட்டி, தான் பார்க்காத கடலை ஒருவர் வருணிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவ்வளவு எளிதன்று.

“அங்க என்ன இருக்கு? வெறும் படிக்கட்டு” என்றார் அத்தான், வழக்கத்துக்கு மாறாக.

“தனியா போய் என்னடி பண்ணுவ?” என்றாள் அக்கா. “பேச்சுத் துணைக்காவது ஆள் வேணாமா?”

“பேசாம இருக்கத்தான்க்கா போறேன்.”

“போட்டோ யாரு எடுப்பா?”

“பதினோரு வருஷப் போட்டோல நான் எதுல இருக்கேன், சொல்லு?”

அக்கா நேர்மையாக யோசித்தாள். “அருவிகிட்ட எடுத்ததுல இருக்க. ஓரமா. கை மட்டும் தெரியும்.”

அத்தான் தொண்டையைச் செருமினார். “நம்ம வீட்டுப் பொண்ணு யாருமில்லாதவ மாதிரி தனியா போறதாவது! சனிக்கிழமை காலையில வண்டி. எல்லாருக்கும் டிக்கெட் போட்டுடறேன். உனக்காக இன்னொரு தடவை ஏறி இறங்கறதுல எங்களுக்கு என்ன கஷ்டம்?”

பெரிய தியாகம் செய்தவரின் களை அவர் முகத்தில் பரவியது. சின்னவள் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். எட்டுப் பேர் கிளம்பினால் ஏழு பேர் மேலே போவார்கள். எட்டுப் பைகள் கீழே இருக்கும். இந்த முறையும் அப்படி நடந்துவிட்டால், இனி ஒருபோதும் தன்னால் வாய் திறக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. “சரிங்க அத்தான்” என்றாள், மிகவும் பணிவாக.

வெள்ளிக்கிழமை காலைப் பேருந்திலேயே அவள் போய்விட்டாள்.

ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அதை ஒரு குழந்தைக்கு விட்டுக்கொடுக்கும்படி யாரும் விசில் ஊதவில்லை. பசித்தபோது சாப்பிட்டாள், பசிக்காதபோது அவள் வாயில் எவரும் எதையும் திணிக்கவில்லை. தலைகளை எண்ண வேண்டிய அவசியமும் நேரவில்லை. இருந்தது ஒரே தலை, அது அவள் கழுத்தின் மேலேயே பத்திரமாக இருந்தது. இத்தனை சுலபமான காரியத்துக்கா ஏழு பேர் இத்தனை ஆண்டுகளாக மூச்சு வாங்கினார்கள் என்று அவளுக்கு இளப்பமாக இருந்தது.

கலங்கரை விளக்கத்தின் இரண்டாம் தளம் வரை ஏறினாள். அதற்கு மேல் இரும்புக் கதவு. அதில் தொங்கிய பூட்டு துருவேறி, கதவோடு ஒட்டியே போயிருந்தது.

“மேல போக வேற வழி இருக்கா?” என்று காவலாளியைக் கேட்டாள்.

“இல்லீங்கம்மா. புயல்ல உச்சி மாடம் விரிசல் விட்டுடுச்சு. பூட்டிப் பதினஞ்சு வருஷமாச்சு.”

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி யாராவது போயிருக்கலாமோ?”

“நானே போனதில்லீங்க.”

“இந்த ஜன்னல்ல தீவு ஏதாவது தெரியுமா?”

காவலாளி எட்டிப் பார்த்தார். “ஐஸ் பேக்டரி தெரியும். பக்கத்துலயே அவங்க லாரி தெரியும்.”

“ஏறி இறங்க எவ்வளவு நேரமாகும்?”

“நிதானமா வந்தாலும் பத்து நிமிஷம்.”

“ரெண்டு மணி நேரம் ஆனா?”

“அப்ப பின்பக்கம் ஐஸ்கிரீம் கடையில உக்காந்திருப்பாங்க. நல்ல நிழலு. குடும்பமா வர்றவங்க எல்லாரும் அங்கதான்.”

முதலில் காது மடல் சுட்டது. பிறகு சிரிப்பு வந்தது. அவர்களைக்கூட அவள் விட்டுவிடுவாள். ஐஸ் பேக்டரி லாரியை நினைத்து ஆறு ஆண்டுகள் பொறாமைப்பட்ட தன்னைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அப்போது அக்காவின் அழைப்பு வந்தது. “சொல்லாம கொள்ளாம எங்கடி போன? அத்தான் எவ்வளவு வருத்தப்படறார் தெரியுமா?”

“லைட்ஹவுஸ்ல, ரெண்டாவது மாடியில நிக்கறேன்.”

 மறுமுனையில் ஓர் அறைக்கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. “பார்த்துட்டியா?” என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி.

“ஐஸ்கிரீம் நல்லா இருந்துதாக்கா?”

“உனக்கும் ஒண்ணு வாங்கினோம்டி. உருகுதுன்னு...”

“யாரு சாப்பிட்டா?”

“அத்தான்தான்.”

சின்னவள் துருவேறிய பூட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

“வர்றவங்க போறவங்க முன்னாடி அவர் மானத்தை வாங்கிடாதடி” என்றாள் அக்கா. “சொல்லிச் சொல்லி அவரே நம்ப ஆரம்பிச்சுட்டாரு.”

“நான் ஏன் வாங்கறேன்? நானும் உச்சிவரைக்கும் ஏறினேன்னே சொல்றேன். ஆனா தீவு அஞ்சுதான்னு சொல்லுவேன். அத்தான் மறுத்துப் பேசட்டும், பார்க்கலாம்.”

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. “சரி, நாளைக்கு நாங்க அங்க வந்துடறோம். அங்கயே இரு.”

“வாங்க. ஏழு பேர் இருக்கீங்க, பைக்கு ஒருத்தரைப் போட்டுக்குங்க. நான் இப்பவே அத்தான் சொல்ற அந்த அரண்மனைக்குக் கிளம்பறேன்.”

“அதையும் ஏன்டி? அங்க நிஜமாவே முந்நூறு ரூம் இருக்கு.”

“நீ எத்தனை பார்த்த?”

“நான் எங்க பார்த்தேன்? எனக்குக் கால் வலி. அத்தான் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னாரு.”

சின்னவள் கைபேசியை அணைத்துவிட்டு, அரண்மனைக்கு அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று காவலாளியிடம் கேட்டாள்.